தங்கராஜைப் பார்க்கப் போய் சுனியிடம் மாட்டிக்கொண்டவர்: கிருஷ்ணகிரி, தருமபுரிப் பயணக் குறிப்புகள்

வெள்ளி, ஓசூர்

பெங்களூரிலிருந்து காவேரிப்பட்டணம் போகிறவன் ஓசூரில் இறங்க வேண்டிய அவசியமே இல்லை. கிருஷ்ணகிரிக்கு நேர் பஸ்கள் வரிசையாக நிற்கின்றன. ஆனால் சிப்காட் பக்கம் வேலை பார்க்கும் நண்பன் ஒருவன், ஷிப்ட் முடிந்ததும் வங்காளப் பையன்கள் கால்பந்து ஆடுவார்கள், ஒரு நாள் வந்து பார் என்று ரொம்ப நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். பெரியப்பா வீட்டுக்குப் போகிற வழிதானே என்று இறங்கிவிட்டேன்.

மைதானம் என்று சொல்ல முடியாது. பிளாட் போட்டு விற்காமல் கிடக்கும் இடம். எல்லைக்கல்லையே கோல் கம்பமாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள். முர்ஷிதாபாத், மால்டா பக்கத்துப் பையன்கள். எல்லாம் உதிரி பாகக் கம்பெனிகளில் ஒப்பந்த வேலை. ஒருவன் பச்சை, மெரூன் பட்டை போட்ட சட்டையில் இருந்தான். மோகன் பகான். இன்னொருவன் சிவப்பு, மஞ்சள். ஈஸ்ட் பெங்கால். ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பிழைப்புத் தேடி வந்தும் அந்த இரண்டு கல்கத்தா கால்பந்துக் கிளப்புகளின் சண்டையை மட்டும் பையில் போட்டு எடுத்து வந்திருக்கிறார்கள். மோகன் பகான் ஜெயித்தால் இறால், ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் ஹில்சா மீன் என்பது கல்கத்தா வழக்கம். இங்கே ஹில்சாவுக்கு எங்கே போவது? தோற்ற கட்சி பிரியாணி வாங்கித் தர வேண்டுமாம்.

பச்சைச் சட்டைக்காரனிடம், தமிழும் இந்தியுமாகக் கலந்து, மோகன் பகானுக்கும் இந்தியாவுக்கும் ஆடிய அந்தக் காலத்துக் கால்பந்து வீரர் சுனி கோஸ்வாமியைத் தெரியுமா என்று கேட்டேன்.

"கேட் பேர்தானே அண்ணா?" என்றான்.

செல்போனில் படமும் காட்டினான். கிளப் வாசலில் சுனி கோஸ்வாமி பெயரிட்ட நுழைவாயில், அதன் முன்னால் இவன் இரண்டு விரலைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். 2023 ஏப்ரலில், வங்காளப் புத்தாண்டு அன்று, சுனில் கவாஸ்கர் திறந்து வைத்த வாயில் அது. பையன்மேல் தப்பு சொல்ல மாட்டேன். சுனி பந்தாட்டத்தை விட்டபோது அவன் அப்பாவே பிறந்திருக்க மாட்டார்.

எனக்கும் சுனி பெயர் புத்தகத்தில் படித்து வந்ததில்லை. பெரியப்பா வாயிலிருந்து வந்தது. இந்தப் பயணத்தில் பாதி மாம்பழத்துக்கு, பாதி அந்தக் கதையை ஒழுங்காக உட்கார்ந்து கேட்பதற்கு.

சனி, காவேரிப்பட்டணம்

கிருஷ்ணகிரி நெருங்கும்போதே மாம்பழ வாசனை பஸ்ஸுக்குள் வந்துவிடுகிறது. மாங்கூழ் தொழிற்சாலைகளின் வாசலில் தோதாபுரி ஏற்றிய டிராக்டர்களும் லாரிகளும் நின்றுகொண்டிருந்தன. விலை இந்த வருஷமும் படுத்துவிட்டது என்று பக்கத்து சீட்டுக்காரர் புலம்பிக்கொண்டே வந்தார். அவருக்கு ஐந்து ஏக்கர் தோப்பு. கேட்க வருத்தமாக இருந்தது. அதைத் தனியாக எழுத வேண்டும்.

பெரியப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. காது கொஞ்சம் மந்தம், நாக்கு மந்தமில்லை. பதினெட்டு வயதில் மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்து வெலிங்டனில் பயிற்சி எடுத்தவர். இந்தக் கதைக்கு வெலிங்டன் முக்கியம். மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர் அணி 1955-லும் 1958-லும் இந்தியாவின் பழைய கால்பந்துப் போட்டியான டூராண்ட் கோப்பையை வென்றிருந்தது. அந்த அணியின் கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ். பெரியப்பா சேர்ந்தபோது தங்கராஜ் அங்கே இல்லை, கல்கத்தாவுக்குப் போய்விட்டார். ஆனால் லைனில், அதாவது சிப்பாய்கள் தங்கும் குடியிருப்பில், எந்தப் பேச்சை எடுத்தாலும் அது தங்கராஜில்தான் போய் முடியுமாம். ஆறடிக்கு மேல் உயரம், கோலிலிருந்து கையால் வீசினாலே பந்து பாதி மைதானம் போகும் என்று.

மதியம் ராகிக் களி, கீரைக் கடைசல், கருவாட்டுக் குழம்பு. களியை மெல்லக் கூடாது, உருட்டி விழுங்க வேண்டும் என்று பெரியம்மா ஒவ்வொரு தடவையும் எனக்குப் பாடம் நடத்துவார். சாப்பிட்டுவிட்டுத் திண்ணைக்கு வந்தோம். "சொல்லுங்க பெரியப்பா" என்றேன். அவ்வளவுதான்.

"அறுபத்து நாலுல என்னைக் கல்கத்தாவுக்குப் போட்டாங்க கண்ணு. ஃபோர்ட் வில்லியம். கோட்டையை விட்டு வெளியே வந்தா மைதான்னு பெரிய திறந்தவெளி. அங்கயேதான் மோகன் பகான் கிரவுண்டு. தங்கராஜ் அப்ப மோகன் பகான்ல. நம்ம ரெஜிமெண்ட் ஆளு ஆடறான், போகாம இருப்பமா? தங்கராஜைப் பார்க்கப் போய்த்தான் சுனிகிட்ட மாட்டினேன்."

முதல் நாள் டிக்கெட் கிடைக்கவில்லை. உள்ளே பார்க்க முடியாத கூட்டத்துக்கென்றே வெளியில் ஒரு சாமான் விற்பார்களாம். நீளமான அட்டைக் குழாய், மேலே ஒரு கண்ணாடித் துண்டு, கீழே ஒரு கண்ணாடித் துண்டு, இரண்டும் சாய்வாக ஒட்டியிருக்கும். அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தால் முன்னால் நிற்கிறவன் தலையைத் தாண்டி மைதானம் தெரியும். "பந்து சுண்டைக்காய் அளவுதான் தெரியும். ஆனா சுனி யாருன்னு மட்டும் தெரிஞ்சுடும்."

எப்படி என்று கேட்டேன். பெரியப்பா எழுந்துவிட்டார். திண்ணையோரம் உதிர்ந்து கிடந்த பிஞ்சு மாங்காய் ஒன்றைக் கைத்தடியால் இழுத்துக் காலருகே வைத்தார்.

"எல்லாரும் பந்து வந்தா ஓடுவான். இவன் ஓட மாட்டான். நிப்பான். எதிராளி பக்கத்துல வர்ற வரைக்கும் நிப்பான். அவன் காலை நீட்டறான் பாரு, அப்ப இடுப்பு மட்டும் இப்படிப் போகும்." இடுப்பு இடது பக்கம் சாய்ந்தது. பெரியம்மா உள்ளேயிருந்து ஓடி வந்தார். "பந்து இப்படிப் போகும்." தடி மாங்காயை வலது பக்கம் தள்ளியது. "நீட்டின காலை அவன் திருப்பி எடுக்கறதுக்குள்ள சுனி மூணடி போயிருப்பான். வேகத்துல இல்லடா, நிக்கறதுல இருக்கு."

"விழுந்து கிழுந்து வெச்சா யாரு பார்க்கறது? உக்காருங்க" என்று பெரியம்மா தடியைப் பிடுங்கிக்கொண்டார்.

நான் பிற்பாடு தேடிப் படித்ததெல்லாம் இதையேதான் நீட்டிச் சொல்கிறது. இடது இன்சைடு ஃபார்வர்டு, அதாவது முன்வரிசையில் இடது உள்பக்கம் ஆடுகிறவர், பந்து காலோடு ஒட்டியே இருக்கும், உடம்பை அசைத்து ஏமாற்றுவதில் மன்னன். பார்க்க வீடியோ பெரிதாக எதுவும் இல்லை. ஜகார்த்தாவில் எடுத்த சில துண்டுகள், கொஞ்சம் புகைப்படங்கள். அதனால் பெரியப்பா மாதிரி ஆட்கள் திண்ணையில் ஆடிக் காட்டுவதும் ஓர் ஆவணம்தான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

மற்ற விவரங்கள், ராத்திரி குறித்துவைத்தவை. முழுப் பெயர் சுபிமல் கோஸ்வாமி. 1938 ஜனவரி 15-ல் இன்றைய வங்கதேசத்தின் கிஷோர்கஞ்சில் பிறந்தார். எட்டு வயதில் மோகன் பகான் ஜூனியர் அணிக்கு வந்தார். கிழக்கு வங்கத்துக் குடும்பத்துப் பிள்ளைகள் ஈஸ்ட் பெங்கால் பக்கம் சாய்வதுதான் கல்கத்தா கணக்கு. சுனி அந்தக் கணக்கில் அடங்கவில்லை. 1954-ல் பெரிய அணியில் இடம், 1968-ல் ஓய்வு. இடையில் வேறு எந்தக் கிளப்பின் சட்டையையும் போடவில்லை. ஈஸ்ட் பெங்கால் ஒரு காரே தருவதாகச் சொல்லியும் போகவில்லை என்றும், இங்கிலாந்தின் டாட்டன்ஹாம் கிளப் வந்து ஆடிக் காட்டச் சொல்லியும் போகவில்லை என்றும் கதைகள் உண்டு. கல்கத்தாவில் அதைக் கதை என்றால் அடிக்க வருவார்கள்.

1963, 64, 65 என்று வரிசையாக மூன்று டூராண்ட் கோப்பைகள் மோகன் பகானுக்கு வந்ததும் இவர் காலத்தில்தான். அப்போது இடது விங்கில் ஆடியவர் பெங்களூர்ப் பையன் அருமைநாயகம். வலையில் தங்கராஜ். கல்கத்தாக் கால்பந்தில் எவ்வளவு தமிழ் பேசியிருப்பார்கள் என்று யோசித்தால் வேடிக்கையாக இருக்கிறது.

ஞாயிறு, கே.ஆர்.பி. அணை

பெரியப்பாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கிருஷ்ணகிரி அணைக்குப் போனோம். தென்பெண்ணையில் கட்டியது, காமராஜர் காலம். பூங்காவில் கூட்டம், அணையில் தண்ணீர் சுமார். வறுத்த மீன் நன்றாக இருந்தது. அணையைப் பற்றி இதற்கு மேல் எனக்கு எழுத ஒன்றுமில்லை, ஏனென்றால் நாங்கள் இருவரும் அதைப் பார்க்கவே இல்லை. ஜகார்த்தாவைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

1962 ஆசிய விளையாட்டு. கேப்டன் சுனி, வயது 24. பயிற்சியாளர் ஹைதராபாத் ரஹீம். முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0-2 என்று தோல்வி. அப்புறம் தாய்லாந்தை 4-1, ஜப்பானை 2-0. தாய்லாந்து ஆட்டத்தில் தடுப்பாளர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடி, தையல் போட்டார்கள். தையலோடு தடுப்பில் நிறுத்த முடியாது என்று ரஹீம் அவரைக் கொண்டுபோய் முன்வரிசையில் நிறுத்தினார். தலையில் கட்டோடு நிற்கிற ஆளை கோல் போட அனுப்புவது! அரையிறுதியில் தென்வியட்நாமை 3-2 என்று வென்றோம்: சுனி இரண்டு, ஜர்னைல் ஒன்று.

இறுதி ஆட்டம் செப்டம்பர் 4. மறுபடியும் தென்கொரியா. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா சேர்க்கவில்லை, அதை இந்தியாவின் ஒலிம்பிக் பிரதிநிதி சோந்தி கண்டித்தார், அதனால் ஊரே இந்தியர்கள்மேல் கோபமாக இருந்தது. ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் மைதானத்தில் உட்கார்ந்து இந்தியாவுக்கு எதிராக ஊளையிட்டார்கள். காய்ச்சலில் படுத்திருந்த தங்கராஜ் வலைக்குத் திரும்பினார். பி.கே. பானர்ஜி ஒரு கோல், ஜர்னைல் ஒரு கோல், 2-1. தங்கம்.

"ரேடியோவுல நியூஸ் வந்தப்ப வெலிங்டன் லைன்ல தட்டைத் தட்டினோம் பாரு, அந்தச் சத்தம். நாங்க தங்கராஜுக்குத்தான் தட்டினோம். சுனி பேரு அன்னைக்குத்தான் முதல்ல காதுல விழுந்தது."

சண்டை இங்கேதான் ஆரம்பிக்கிறது. பி.கே., சுனி, பலராம் மூவரும் சேர்ந்த முன்வரிசை இந்தியாவுக்கு அப்புறம் அமையவே இல்லை. ரஹீம் 1963 ஜூனில் புற்றுநோயில் போய்விட்டார். பலராம் உடல்நிலை காரணமாக 1963-லேயே ஆட்டத்தை விட்டார். 1964-ல் சுனி தலைமையில் ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம் வந்தோம். இஸ்ரேலிடம் மட்டும்தான் தோல்வி. அதே வருஷம், இருபத்தேழு வயது நிறையும் முன்பே, சுனி இந்திய அணியிலிருந்து விலகிவிட்டார். கிளப்புக்கு மட்டும் இன்னும் நாலு வருஷம் ஆடினார்.

என் கட்சி: அது தப்பு. காலில் ஆட்டம் இருக்கும்போதே நாட்டு அணியை விட்டுப் போனவரைக் கொண்டாடும்போது அந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். 1966-ல் பாங்காக்கில் முதல் சுற்றோடு திரும்பினோம். 1970-ல் ஒரு வெண்கலம். ஆசிய விளையாட்டில் கால்பந்துப் பதக்கம் அதோடு சரி. ஒருவர் இருந்திருந்தால் எல்லாம் மாறியிருக்கும் என்று சொல்லவில்லை. ஆனாலும்.

"உனக்கென்னடா தெரியும்?" என்றார் பெரியப்பா. "நல்லா ஆடறப்பவே எறங்கிட்டான். தடவித் தடவி ஆடி, ஜனங்க திட்டி எறங்கறது நல்லாருக்குமா?"

"நீங்க பார்த்தது நல்ல ஆட்டம் மட்டும்தான். அதனால சொல்றீங்க."

"ஆமா, அதுக்குத்தான் எறங்கினான்."

இதற்குப் பதில் என்னிடம் இல்லை. மீன் இன்னொரு தட்டு சொன்னேன்.

சரி, இறங்கிச் சும்மா உட்கார்ந்தாரா என்றால் அதுவும் இல்லை. கிரிக்கெட்டுக்குப் போனார். வங்காளத்துக்காக ரஞ்சி. மொத்தம் 46 முதல்தர ஆட்டங்கள், 1592 ரன், 47 விக்கெட். 1966 டிசம்பரில், சோபர்ஸ் தலைமையில் இந்தியா வந்திருந்த மேற்கிந்தியத் தீவுகள் அணி இந்தூரில் மத்திய, கிழக்கு மண்டலக் கூட்டணியிடம் இன்னிங்ஸ் தோல்வி கண்டது. அந்த ஆட்டத்தில் சுப்ரதா குஹா பதினொரு விக்கெட், சுனி எட்டு. அப்போது சுனி இன்னும் மோகன் பகானுக்குப் பந்தாடிக்கொண்டிருக்கிறார் என்பதுதான் விசேஷம். 1971-72 ரஞ்சி இறுதிக்கு வங்காளத்தின் கேப்டனும் அவர்தான்; பம்பாயிடம் தோற்றார்கள். அந்தக் காலத்தில் பம்பாயிடம் தோற்காதவர் யார்?

திங்கள், தருமபுரி

பெரியம்மா கட்டிக் கொடுத்த மாம்பழக் கூடை பஸ்ஸில் எல்லார் முட்டியிலும் இடித்தது. தருமபுரியில் லாட்ஜில் போட்டுவிட்டு அரசு அருங்காட்சியகத்துக்குப் போனேன்.

அங்கே நடுகற்களுக்காகவே போகலாம். இந்த மாவட்டமும் கிருஷ்ணகிரியும் நடுகல் மண். வயல்வரப்பு, ஏரிக்கரை, புளியந்தோப்பு என்று எங்கே தோண்டினாலும் ஒரு வீரன் நிற்பான். ஒரு கல் முன்னால் நன்றாக நேரம் எடுத்து நின்றேன். ஒரு கையில் வில், மறு கையில் குறுவாள், இடுப்புக் கச்சையின் முடிச்சுகூடத் தெரிகிறது. ஒரு கால் மடங்கி, உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. மேலே வட்டெழுத்து. இந்த வகைக் கல்லின் வாசகம் பெரும்பாலும் ஒரே வார்ப்புதான்: இன்ன அரசனின் இத்தனையாவது ஆண்டில், இன்னாருடைய சேவகன் இன்னான், தொறு மீட்டுப் பட்டான். ஆநிரையை மீட்கப் போய் இறந்தான் என்று. எத்தனை வயது வரை வாழ்ந்தான், அதற்கு முன் என்ன செய்தான், ஒன்றும் இருக்காது. ஒரே ஒரு நாள்தான் கல்லில் இருக்கும்.

சுனிக்குக் கல் வைத்தால் எந்த நாளை வெட்டுவது? ஜகார்த்தாவைத்தான் எல்லாரும் சொல்வார்கள். ஆனால் அந்த இறுதியில் கோல் போட்டது அவரில்லை. அவர் பெயரில் நிற்பது பெரிய வெற்றி ஒன்றல்ல, பதினாலு வருஷம் ஓரிடத்தில் இருந்தது. அதைக் கல்லில் எப்படிச் செதுக்குவார்கள் என்று தெரியவில்லை. மோகன் பகான்காரர்கள் வாசலுக்குப் பெயர் வைத்ததுதான் பொருத்தம் என்று இங்கே நின்றபோது பட்டது.

அதியமான் ஊரில் இன்னொன்றும் ஞாபகம் வராமல் போகாது. அவன் இறந்து நடுகல்லானபின், நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இந்தச் சின்னக் கலத்துக் கள்ளை வாங்கிக்கொள்வானா என்று கேட்டாள் ஔவை. பெரியப்பாவுக்கு போன் போட்டு இதைச் சொன்னேன். "காரையே வாங்கலைன்னு நான் நேத்தே சொன்னேனில்ல" என்றார். ஔவை என் பக்கம் வரவில்லை.

சுனிக்குக் கிடைத்த மரியாதைகள் குறைவில்லை. 1963-ல் அர்ஜுனா, 1983-ல் பத்மஸ்ரீ, 2005-ல் மோகன் பகான் ரத்னா. 2020 ஜனவரியில், அவரது 82-வது பிறந்தநாளுக்கு, தபால் துறை அவர் படம் போட்டுத் தபால்தலை வெளியிட்டது. அதே ஆண்டு மார்ச் 20-ல் பி.கே. போனார். ஏப்ரல் 30-ல் சுனி. ஊரடங்கு காலம். ஒரு காலத்தில் அட்டைக் குழாய் வாங்கி எட்டிப் பார்த்த ஊர், கடைசி ஊர்வலத்துக்கு வெளியே வர முடியவில்லை.

செவ்வாய், ஒகேனக்கல்

தண்ணீர் வரத்து கூடிவிட்டதால் பரிசலுக்குத் தடை. பரிசல்காரர்கள் கவிழ்த்துப் போட்ட பரிசல்களின் நிழலில் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். போகிறவர்கள் கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். எண்ணெய்க் குளியல் உண்டு, மீன் உண்டு, அருவிச் சத்தம் இலவசம். பெண்ணாகரத்திலிருந்து இறங்கும் மலைப்பாதையில் குரங்குகளிடம் மாம்பழக் கூடையைக் காட்டாதீர்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

வழியில் பெண்ணாகரம் பக்கம் ஒரு பள்ளி மைதானத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். கோல் கம்பம் இருந்தது, அதன் நிழலில் தண்ணீர் பாட்டில்களை அடுக்கியிருந்தார்கள். பார்த்துக்கொண்டே இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைச் சண்டை மறுபடி தலைக்குள் ஓடியது. கிளப்பிடம் சம்பளம் வாங்காமல் ஆடினார், அப்படியானால் வீடு எப்படி நடந்தது? பாரத ஸ்டேட் வங்கி வேலை. அது எனக்குத் தெரியும்தான், ஆனால் விலகிய வயதோடு சேர்த்து யோசித்ததில்லை. ஒலிம்பிக், மலேசியாவில் நடக்கும் மெர்டேகா போட்டி, ஆசியக் கோப்பை என்று மாதக் கணக்கில் வெளிநாடு. திரும்பி வந்தால் மேஜை, லெட்ஜர். இருபத்தாறு வயதில் அது எப்படி இருந்திருக்கும்?

மீன் வறுபட்டுக்கொண்டிருந்த நேரத்தில் பெரியப்பாவைக் கூப்பிட்டேன். அருவி இரைச்சலிலும் அவர் காதிலும் சேர்த்து மூன்று தடவை கத்திக் கேட்க வேண்டியிருந்தது. "பெரியப்பா, சம்பளம் கொடுத்திருந்தா சுனி இன்னும் ஆடியிருப்பாரா?"

"சம்பளம் கொடுத்திருந்தா டாட்டன்ஹாமுக்கே போயிருப்பான்டா. அப்புறம் நான் எங்க போய்ப் பார்க்கறது?"